டவுனி பட்டறையின் மோட்டார் சைக்கிள் மேஸ்திரி

தந்தியில் ஏறிய மின்சாரம் – 7

சென்ற இதழில் இரண்டு கருவிகளைப் பார்த்தோம். ஒன்று, ஜார்ஜ் பீச்சம் வடிவமைத்து, அடால்ஃப் ரிக்கன்பேக்கரின் லாஸ் ஏஞ்சலிஸ் தொழிற்சாலையிலிருந்து 1932ல் விற்பனைக்கு வந்த அலுமினிய ‘வாணலி’. மற்றது, நியூயார்க்கில் எபிஃபோன் தொழிற்சாலையின் ஞாயிற்றுக்கிழமை விடுமுறைகளில் லெஸ் பால் அங்கே உட்கார்ந்து செய்த ‘கட்டை’. வாணலி மடியில் படுக்கவைத்து வாசிக்கும் கருவி. கட்டை என்பது நாலங்குல பைன் சட்டம். பார்க்கக் கிட்டார் மாதிரி இருக்கட்டும் என்று அதன் இரு பக்கமும் ஒரு பழைய கிட்டாரின் பாதிகளை லெஸ் பால் ஒட்டியிருந்தார். மரக்கூடு இல்லாமலும் தந்தி பாடும் என்பதை இரண்டுமே நிரூபித்துவிட்டன. ஆனால் இன்று எந்த ஊர் இசைக்கருவிக் கடையில் நுழைந்தாலும் சுவரில் வரிசையாகத் தொங்குகிறதே, அந்த எலெக்ட்ரிக் கிட்டாரின் சாயல் இரண்டிலும் இல்லை.

அந்தச் சாயல் 1948ல் கலிஃபோர்னியாவின் டவுனி என்ற சிற்றூரில், ஃப்ளாக்ஸ் தெருவில் இருந்த ஒரு சின்னப் பட்டறையில் பிறந்தது. பட்டறைக்காரர் பால் பிக்ஸ்பி. இசைக்கருவி செய்வது அவருடைய பரம்பரைத் தொழிலும் இல்லை, படித்த தொழிலும் இல்லை. அவர் மோட்டார் சைக்கிள் செய்தவர்.

மணலும் அலுமினியமும்

பால் அடெல்பர்ட் பிக்ஸ்பி 1899 டிசம்பரில் இலினாய் மாநிலத்தில் பிறந்தார். கலிஃபோர்னியாவுக்கு வந்து மோட்டார் சைக்கிள் பந்தயங்களில் ஓட்டினார். பந்தய உலகம் அவரை ‘பி.ஏ.’ என்றே அறிந்திருந்தது. பிறகு லாஸ் ஏஞ்சலிஸில் ஆல் க்ராக்கர் நடத்திய மோட்டார் சைக்கிள் நிறுவனத்தில் ஃபோர்மேன் ஆனார். க்ராக்கர் வண்டிகள் மிகக் குறைந்த எண்ணிக்கையில், வாங்குபவரின் விருப்பத்துக்கேற்பச் செய்யப்பட்டவை. இன்று ஏலத்துக்கு வந்தால் சேகரிப்பாளர்கள் போட்டி போட்டு வாங்குகிறார்கள்.

அங்கே பிக்ஸ்பியின் கைத்தொழில் பேட்டர்ன் மேக்கிங். உலோகப் பாகம் ஒன்றை வார்க்க வேண்டுமென்றால் முதலில் அதே வடிவத்தை மரத்தில் செதுக்க வேண்டும். ஈர மணலை இறுக்கி நிரப்பிய பெட்டியில் அந்த மர உருவத்தைப் பதித்து, மணல் உதிராமல் மெல்ல உருவி எடுக்க வேண்டும். அது விட்டுச்சென்ற குழியில் உருகிய உலோகத்தை ஊற்றினால் பாகம் தயார். கேட்க எளிது. ஆனால் அலுமினியம் ஆறும்போது நூற்றுக்கு ஒன்றேகால் பங்கு அளவுக்குச் சுருங்கும். ஆகவே பேட்டர்ன் செய்பவர் ஒவ்வொரு அளவையும் அந்த விகிதத்தில் கூட்டிச் செதுக்குவார். அதற்கென்றே கோடுகள் சற்று அகலமாக இழுத்துப் போடப்பட்ட தனி அளவுகோல் உண்டு. மணலிலிருந்து சுலபமாக உருவி வர வேண்டும் என்பதற்காகப் பக்கங்களுக்குக் கண்ணுக்குத் தெரியாத சாய்வும் கொடுப்பார். சூடு ஆறியபின் உலோகம் என்னவாக நிற்கும் என்பதை மரத்தைத் தொடும்போதே மனதில் கணக்குப் போடும் வேலை அது.

மரத்தையும் உலோகத்தையும் ஒரே கையால் ஆளத் தெரிந்த இப்படிப்பட்ட ஒருவர் கிட்டார் செய்ய வந்தது இந்த வரலாற்றின் பெரிய அதிர்ஷ்டம். மரபான கிட்டார்க் கலைஞர்களுக்கு மரம் தெரியும். பிரிட்ஜ், பிக்கப் மூடி போன்ற உலோகச் சாமான்களுக்கு அவர்கள் வெளியில் போக வேண்டும். பிக்ஸ்பி அவற்றையும் தானே வடித்துக்கொண்டார். அவருடைய கருவிகளில் மின்னும் அலுமினியப் பாகங்களுக்கு வேறு எந்த நிறுவனத்தின் சரக்கோடும் உறவில்லை.

வெஸ்டர்ன் ஸ்விங் நாட்கள்

1940களின் லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். ஓக்லஹோமா, டெக்சஸ், மிசௌரி பக்கம் வறட்சியிலும் வேலையின்மையிலும் ஊரைவிட்டு வந்தவர்களும், போர்க்கால விமானத் தொழிற்சாலைகளுக்கு ஆள் எடுத்தபோது வந்தவர்களும் தங்கள் பாட்டையும் கூடவே கொண்டுவந்திருந்தார்கள். சனிக்கிழமை இரவுகளில் பெரிய நடனக் கூடங்களில் ஸ்பேட் கூலி போன்றவர்களின் வெஸ்டர்ன் ஸ்விங் இசைக்குழுக்கள் வாசித்தன. கூட்டம் பெரியது, இரைச்சலும் பெரியது. தந்திக் கருவி எதுவானாலும் ஆம்ப்ளிஃபையர் இல்லாமல் எடுபடாது.

பிக்ஸ்பிக்கு இந்த இசையில் ஆசை அதிகம். கூலியின் குழுவில் ஸ்டீல் கிட்டார் (வாணலியைப் போலப் படுக்கவைத்து வாசிப்பது) வாசித்த வாக்கீன் மர்ஃபிக்கு அவர் ஒரு கருவி செய்துகொடுத்தார். அதைக் கேட்ட மற்ற ஸ்டீல் கலைஞர்கள் தேடி வந்தார்கள். 1948ன் தொடக்கத்தில் ஸ்பீடி வெஸ்ட்டுக்காகச் செய்த ஸ்டீல் கிட்டாரில் காலால் மிதிக்கும் பெடல்களை வைத்தார். மிதித்தால் குறிப்பிட்ட தந்திகள் மட்டும் இறுகிச் சுருதி ஏறும். காலை எடுத்தால் பழைய இடத்துக்கே திரும்பும். கருவியின் முகப்பில் ஸ்பீடி வெஸ்ட் என்ற பெயரைப் பெரிதாகப் பதித்தார். வாசிப்பவரின் பெயரைக் கருவியிலேயே பொறித்துக் கொடுப்பது பிக்ஸ்பியின் வழக்கமாகவே ஆனது.

அந்தப் பெடல் யோசனை எவ்வளவு தூரம் போயிற்று என்பதற்கு ஒரே ஒரு பாட்டு போதும். 1953 இறுதியில் வெப் பியர்ஸ் ‘ஸ்லோலி’ என்ற பாட்டைப் பதிவு செய்தபோது, பட் ஐசக்ஸ் பிக்ஸ்பி செய்த பெடல் ஸ்டீலை வாசித்தார். தந்தி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பெடலை மிதித்து, ஒரு சுரம் இன்னொரு சுரமாக வழுக்கிச் செல்லும்படி செய்தார். பாட்டு 1954ல் கன்ட்ரி வரிசையில் முதலிடம் பிடித்தது. அமெரிக்கா முழுவதும் ஸ்டீல் கலைஞர்கள் தங்கள் கருவிகளுக்குப் பெடல் தேடத் தொடங்கினார்கள். இன்றைக்கு கன்ட்ரி இசை என்றதும் காதில் வரும் அந்த அழுகுரல் இழுப்பு அங்கிருந்து பரவியதுதான்.

காகிதத்தில் ஒரு படம்

மெர்ல் டிராவிஸ் 1917ல் கென்டக்கியின் நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் பிறந்தவர். கட்டைவிரல் கீழ்ச்சுரங்களைத் தாளமாகத் தட்டிக்கொண்டிருக்க, ஆள்காட்டி விரல் பாட்டை வாசிக்கும் அவருடைய பாணிக்கு இன்றும் ‘டிராவிஸ் பிக்கிங்’ என்றே பெயர். ‘சிக்ஸ்டீன் டன்ஸ்’ பாட்டை 1946ல் எழுதிப் பதிவு செய்தவரும் அவரே. நன்றாகக் கார்ட்டூன் வரைவார். கருவிகளின் உள்வேலையில் தீராத ஆர்வம் வேறு.

டிராவிஸிடம் கிப்ஸன் எல்-10 கிட்டார் ஒன்று இருந்தது. அதில் மாட்டியிருந்த வைப்ரோலா கருவி (சுரத்தை நடுங்கச் செய்யும் கைப்பிடி) தந்தியைச் சுருதியில் நிற்கவிடாமல் தொல்லை கொடுத்தது. சரிசெய்ய முடியுமா என்று பிக்ஸ்பியிடம் கேட்டார். எதையும் தன்னால் செய்ய முடியும் என்பதில் பிக்ஸ்பிக்குச் சந்தேகமே வந்ததில்லை என்று அவரை அறிந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பழக்கத்தில்தான் டிராவிஸ் அடுத்த கேள்வியைக் கேட்டார்: ஒரு கிட்டாரையே செய்து தர முடியுமா? பசடீனாவில் இருந்த வானொலி நிலையத்தில் கையில் கிடைத்த காகிதத்தில் அதை வரைந்து காட்டியதாகப் பிற்காலத்தில் அவர் நினைவுகூர்ந்தார்.

படத்தில் இருந்த ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. உடல் மெல்லியதாக, ஆனால் கூடு கிட்டாரைப் போலப் பொள்ளலாக இல்லாமல் இருக்க வேண்டும் என்றார் டிராவிஸ். ஸ்டீல் கிட்டாரில் ஒரு தந்தியை மீட்டினால் நாதம் நீண்டு நிற்கிறது. சாதாரணக் கிட்டாரில் சட்டென்று அடங்கிவிடுகிறது. கூடு கிட்டாரின் மெல்லிய மேற்பலகை தந்தியின் விசையை வாங்கிக் காற்றுக்குக் கொடுத்துவிடுவதுதான் காரணம். ஆம்ப்ளிஃபையர் உள்ள இடத்தில் அந்தத் தயாளம் தேவையில்லை. அதோடு, ஆம்ப்ளிஃபையரின் சத்தத்தில் அதே மேற்பலகை அதிர, அந்த அதிர்வைப் பிக்கப் மறுபடி ஆம்ப்ளிஃபையருக்கே அனுப்ப, கல்யாண மண்டபத்து மைக் திடீரென்று ஊளையிடுமே, அதே கதை கிட்டாரிலும் நடக்கும். பலகை கனமாக இருந்தால் விசை தந்தியிலேயே தங்கும்; ஊளையும் அடங்கும்.

இரண்டாவது கோரிக்கை தலைப்பகுதி. அன்றைய கிட்டார்களில் ட்யூனிங் கீக்கள் பக்கத்துக்கு மூன்றாகப் பிரிந்து இருந்தன. வாசிக்கும்போதே சுருதி சேர்க்க வேண்டுமென்றால் கீழ்ப்பக்கத்துக் கீக்களுக்குக் கையை வளைக்க வேண்டும். ஆறையும் ஒரே வரிசையில் மேல்பக்கம் வைத்தால் என்ன என்று கேட்டார் டிராவிஸ். மூன்றாவது, உடலின் ஒரு பக்கத்தில் கழுத்தருகே வெட்டு. கை தடையில்லாமல் மேல் சுரங்களுக்கு இறங்க வேண்டும்.

1948 மே மாதம் கருவி தயாரானது. பிக்ஸ்பி தன் கிட்டார்களுக்கு வரிசை எண் போடுவதில்லை. முடித்த தேதியையே குத்திவிடுவார். டிராவிஸ் கிட்டாரில் இருக்கும் தேதி அந்த ஆண்டின் மே 25.

மரம் பேர்ட்ஸ்-ஐ மேப்பிள். இழைத்து மெருகேற்றினால் பறவைக் கண்கள் போல நுண்ணிய வட்டங்கள் பரப்பெங்கும் தெரியும் மரம் அது. அழகாக இருக்கிற அளவுக்கு வேலையில் பிடிவாதமும் பிடிக்கும்: அந்தக் கண்கள் இருக்குமிடமெல்லாம் மர நார் திசைமாறி ஓடுவதால், உளி கொஞ்சம் மழுங்கியிருந்தாலும் சில்லு சில்லாகப் பெயர்ந்து வரும். பிக்ஸ்பி கழுத்தைத் தனியாகச் செய்து உடலோடு பொருத்தவில்லை. தலையிலிருந்து அடிவரை ஒரே நீள மரத்தை நடுவே ஓடவிட்டு, உடலின் இரு சிறகுகளை அதன் பக்கங்களில் ஒட்டினார். தந்தியின் இரு முனைகளும் ஒரே மரத்தில் நிற்பதால் இடையில் இணைப்பே கிடையாது. சீட்டுக்கட்டின் ஆட்டின், டைமன், இஸ்பேட், கிளாவர் உருவங்களை அலங்காரமாகப் பதித்தார். டிராவிஸின் பெயரையும் பதித்தார். பிக்கப்பையும் பிரிட்ஜையும் தன் பேட்டர்ன் அறிவால் அவரே செய்தார்.

பிக்கப் என்பது காந்தமும், அதைச் சுற்றிய செம்புக் கம்பிச் சுருளும்தான். எஃகுத் தந்தி காந்தத்தின் மேல் அதிரும்போது சுருளில் மிகச் சிறிய மின்னோட்டம் பிறக்கும். அந்தக் காலப் பிக்கப்களில் பெரும்பாலும் 0.06 மில்லிமீட்டர் அளவு மெல்லிய எனாமல் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றுவார்கள். இழுப்பு கொஞ்சம் கூடினால் கம்பி அறும். குறைந்தால் சுருள் தளர்ந்து சத்தம் கெடும். சின்னப் பட்டறையில் அந்த இழுப்பை அளப்பது சுற்றுபவரின் விரல்தான். ஃப்ரெட் எனப்படும் உலோக மெட்டுகளுக்கும் இதே கவனம் வேண்டும். ஒவ்வொரு மெட்டும், மீதமிருக்கும் தந்தி நீளத்தை 17.817ஆல் வகுத்து வரும் தூரத்தில் அமர வேண்டும். பன்னிரண்டாவது மெட்டு சரியாகத் தந்தியின் நடுவில் விழ வேண்டும். ரம்பம் மயிரிழை விலகினாலும் அந்தச் சுரம் கடைசிவரை அபசுரம்தான். சுருங்கும் அலுமினியத்தோடு பழகிய கைக்கு இந்தக் கணக்கு புதிதாக இருந்திருக்காது.

இருபது கிலோமீட்டர் தள்ளி

டவுனியிலிருந்து இருபது கிலோமீட்டர் சொச்சம் தள்ளி ஃபுல்லர்ட்டன். அங்கே 1938ல் வானொலி பழுதுபார்க்கும் கடை தொடங்கி, பிறகு ஸ்டீல் கிட்டாரும் ஆம்ப்ளிஃபையரும் செய்துகொண்டிருந்தவர் லியோ ஃபெண்டர். பிக்ஸ்பியை அவருக்குத் தெரியும். ஒரே இசைக்கலைஞர்கள்தான் இரு இடங்களுக்கும் போய்வந்தார்கள். 1949ல் ஃபெண்டர் மரக்கட்டை உடல் கொண்ட மாதிரி ஒன்றைச் செய்தார். 1950ல் எஸ்க்வயரும் பிராட்காஸ்டரும் வந்தன. பிராட்காஸ்டர் என்ற பெயருக்கு கிரெட்ச் நிறுவனம் ஆட்சேபம் தெரிவிக்க, 1951ல் அது டெலிகாஸ்டர் ஆனது. ஆறு கீக்களும் ஒரே வரிசையில். 1954ல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரின் தலைப்பகுதியையும் டிராவிஸ் கிட்டாரின் தலைப்பகுதியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எவருக்கும் கேள்வி எழும்.

டிராவிஸுக்குக் கேள்வியே இல்லை. ஃபெண்டர் தன் கிட்டாரைச் சில நாட்களுக்கு இரவல் வாங்கிப்போனார் என்றும், அதைப் பார்த்துத்தான் செய்தார் என்றும் எழுதிவைத்தார். ஃபெண்டர் கடைசிவரை அதை ஒப்புக்கொள்ளவில்லை. ஒற்றை வரிசைக் கீக்களின் யோசனை குரோஷிய நாட்டுப்புறத் தந்திக் கருவிகளிலிருந்து வந்தது என்றார். வரலாற்றைப் பின்னால் புரட்டினால் ஒற்றை வரிசை இன்னும் பழையது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வியன்னாவின் யோஹான் ஷ்டாஃபர் அப்படித்தான் செய்தார். 1833ல் அமெரிக்கா வந்த சி.எஃப். மார்ட்டினின் ஆரம்பகாலக் கிட்டார்களிலும் அதே தலை உண்டு.

ஆகவே ஒற்றை வரிசையைக் கண்டுபிடித்தவர் பிக்ஸ்பி என்று எழுதுவது தவறு. ஆனால் கனத்த மெல்லிய உடல், ஒற்றை வெட்டு, ஒற்றை வரிசைத் தலை, மின்பிக்கப் எல்லாம் ஒரே கருவியில் கூடி, கழுத்தில் மாட்டி நின்று வாசிக்கும் கிட்டாராக, பெயர் பெற்ற ஒரு கலைஞரின் கையில் மேடை ஏறியது 1948ல். அதைச் செய்தது ஒரு பட்டறை. இந்த வரிசையைக் குழப்பாமல் சொல்வது முக்கியம். ஏனென்றால் எலெக்ட்ரிக் கிட்டாரின் கதை பெரும்பாலும் பெரிய நிறுவனங்களின் விளம்பரங்கள் வழியாகவே நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அவற்றில் டவுனிக்கு இடமே இல்லை.

ஃபெண்டர் செய்ததையும் குறைத்து மதிப்பிட முடியாது. அவர் கழுத்தை உடலோடு ஒட்டவில்லை. நான்கு திருகுகளால் மாட்டினார். கழுத்து கெட்டால் கழற்றி வேறு போடலாம். உடலை ஒரு வரிசையில், கழுத்தை ஒரு வரிசையில் என்று தனித்தனியாகச் செய்து கடைசியில் சேர்க்கலாம். அச்சுப் பலகை வைத்து வெட்டினால் பயிற்சி குறைந்த ஆளும் செய்யலாம். விலை இறங்கியது, எண்ணிக்கை ஏறியது. மாதச் சம்பளக்காரரும் வாங்க முடிந்தது. பிக்ஸ்பியின் பட்டறையிலோ ஒரு கருவி வேண்டுமென்றால் ஒரு வருடத்துக்கு மேல்கூடக் காத்திருக்க வேண்டும். அவர் வாழ்நாளில் செய்த சாதாரண எலெக்ட்ரிக் கிட்டார்கள் சில டஜன்களைத் தாண்டாது.

இரண்டு வழிகளும் ஒரே மேடையில் சந்தித்ததும் உண்டு. 1950களில் ஸ்பீடி வெஸ்ட்டும் ஜிம்மி பிரையன்ட்டும் ஜோடியாகக் கேப்பிட்டல் நிறுவனத்துக்கு வாசித்த பதிவுகள் மின்னல் வேகத்துக்குப் பெயர் போனவை. வெஸ்ட்டிடம் இருந்தது பெயர் பொறித்த பிக்ஸ்பி ஸ்டீல். பிரையன்ட்டோ ஃபெண்டரின் புதுக் கிட்டாரை முதன்முதலில் கையில் எடுத்தவர்களில் ஒருவர்.

கைப்பிடி வென்றது

பிக்ஸ்பியிடம் வந்தவர்கள் எல்லோரும் புதுக் கிட்டார் கேட்கவில்லை. சிலர் தங்கள் பழைய கிட்டாருக்குப் பிக்ஸ்பி கழுத்து போட்டுக்கொண்டார்கள். பாடகர் லெஃப்டி ஃபிரிஸ்ஸலின் கிப்ஸன் ஜே-200 அப்படி மாறிய ஒன்று. நாஷ்வில்லின் கிரேடி மார்ட்டின் இரட்டைக் கழுத்துக் கருவி கேட்டார், 1952ல் கிடைத்தது. ஆளுக்கு ஒரு கை, கைக்கு ஒரு கருவி என்பதே அந்தப் பட்டறையின் முறை.

பிக்ஸ்பியின் பெயரை உலகெங்கும் கொண்டுபோனது டிராவிஸின் முதல் கோரிக்கைதான். கெட்டுப்போன வைப்ரோலாவுக்கு மாற்றாகப் பிக்ஸ்பி தன் வழியில் ஒன்றைச் செய்தார். தந்திகளின் நுனிக் குண்டுகள் ஒரு உருளைத் தண்டின் சிறு ஆணிகளில் மாட்டிக்கொள்ளும். தண்டோடு ஒரு கைப்பிடி. கைப்பிடிக்குக் கீழே குட்டையான ஒரு சுருள்வில். கைப்பிடியை அழுத்தினால் தண்டு லேசாக உருண்டு தந்திகள் தளரும், சுரம் இறங்கும். விட்டால் சுருள்வில் தூக்கிவிடும், சுரம் பழைய இடத்துக்கு வரும். சட்டம் முழுவதும் வார்ப்பு அலுமினியம். 1950களின் தொடக்கத்தில் இது விற்பனைக்கு வந்தது. கிரெட்சும் கிப்ஸனும் தங்கள் கிட்டார்களில் மாட்ட ஆரம்பித்தன. டிராவிஸின் பாணியால் உருவானவரும், தன் மகளுக்கு மெர்ல் என்றே பெயர் வைத்தவருமான செட் அட்கின்ஸின் பெயரில் வந்த கிரெட்ச் 6120ல் அது இருந்தது. 1958ல் டுவேன் எடி ‘ரெபல் ரவுசர்’ வாசித்ததும் அந்த வகைக் கிட்டாரில்தான். நீல் யங் பல பத்தாண்டுகளாக வாசித்துவரும் கறுப்பு கிப்ஸனிலும் பிக்ஸ்பியின் கைப்பிடி ஆடிக்கொண்டிருக்கிறது.

ஒரு கைப்பிடி வார்க்கும் நேரத்துக்கும் ஒரு கிட்டார் இழைக்கும் நேரத்துக்கும் ஒப்பீடே இல்லை. கைப்பிடிகளுக்கு ஆர்டர் குவியக் குவிய, பட்டறையில் முழுக் கிட்டாருக்கான இடம் குறைந்துகொண்டே வந்தது.

1965 ஜனவரியில் சிபிஎஸ் நிறுவனம் ஃபெண்டரை 1.3 கோடி டாலருக்கு வாங்கியது. அதற்கு ஓராண்டுக்குப் பின், உடல்நலம் குன்றிய பிக்ஸ்பி தன் தொழிலை டெட் மெக்கார்ட்டிக்கு விற்றார். கிப்ஸனின் தலைவராக இருந்து விலகிய மெக்கார்ட்டி, பட்டறைச் சாமான்களை மிச்சிகன் மாநிலத்தின் கலமஸூவுக்குக் கொண்டுபோனார். 1968 ஜூனில் பிக்ஸ்பி காலமானார். 1999ல் அந்தப் பெயர் கிரெட்சிடம் போனது. 2019ல் கிரெட்சிடமிருந்து ஃபெண்டர் நிறுவனம் வாங்கிக்கொண்டது. டிராவிஸின் 1948 கிட்டார் நாஷ்வில்லில் கன்ட்ரி மியூசிக் ஹால் ஆஃப் ஃபேம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அதே அருங்காட்சியகத்தில் ஜோ மேஃபிஸ் வாசித்த இரட்டைக் கழுத்துக் கிட்டார் ஒன்றும் உண்டு. அதைச் செய்தவருக்கு அப்போது இருபது வயதுகூட நிரம்பவில்லை. ஊர் பேக்கர்ஸ்ஃபீல்ட். சுவிசேஷக் கூட்டங்களில் கிட்டார் வாசித்து வளர்ந்த பையன். ரிக்கன்பேக்கரில் ரோஜர் ராஸ்மைஸ்ல் என்ற ஜெர்மானியக் கைவினைஞரிடம் தொழில் கற்றவன். மூன்று கழுத்துள்ள கிட்டாரைத் தானே செய்து தோளில் மாட்டிக்கொண்டவன். ஒரு போதகர் கொடுத்த உதவிக்கு நன்றியாக அவர் பெயரில் பாதியைத் தன் நிறுவனத்தின் பெயரில் சேர்த்தான். பத்தாண்டுகளுக்குள் வென்ச்சர்ஸ் குழுவின் வழியாக அந்தப் பெயர் ஜப்பான்வரை போயிற்று. செமி மோஸ்லியின் மோஸ்ரைட் பட்டறைக்கு அடுத்த இதழில் போவோம்.

(தொடரும்)